பவளம் வாடினால் வீட்டைப் பாருங்கள்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர்களிடமிருந்து ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வந்து விழும் பவளப் படங்களில் பாதிக்கு என் பதில் ஒன்றுதான்: "வெள்ளை லைட்டைப் போட்டு இன்னொரு படம் எடுத்து அனுப்புங்க." நீல எல்இடி வெளிச்சத்தில் எல்லாப் பவளமும் ஜொலிக்கும். பாதி செத்த பவளமும் ஜொலிக்கும். சதை சுருங்கியிருக்கிறதா, எலும்பு தெரிகிறதா, தெரிகிற எலும்பின் மேல் பாசி ஏறிவிட்டதா, எதுவுமே அந்த நீலத்தில் பிடிபடாது. அழகாக இருக்கிறது என்று லைக் வேண்டுமானால் போடலாம்.

வெள்ளை வெளிச்சப் படத்தோடு எண்களும் வரும். "அண்ணே, உப்பு 35, கேஎச் 8, கால்சியம் 420, மெக்னீசியம் 1300, நைட்ரேட் 5. எல்லாம் ஓக்கேதான். ஆனா டார்ச் ரெண்டு நாளா திறக்கவே இல்ல." டார்ச் என்பது நீண்ட கைகளை விரிக்கும் ஒரு பவளம். எண்களில் குறை சொல்ல முடியாது. கடல்நீரிலும் உப்பு, கால்சியம், மெக்னீசியம் ஏறக்குறைய இதே அளவுகள்தான். கேஎச், அதாவது நீரின் காரத்தன்மை அளவு, கடலில் 7ஐ ஒட்டி இருக்கும், தொட்டிக்காரர்கள் 8, 9 என்று கொஞ்சம் ஏற்றி வைப்பார்கள். ஆனால் பாலிகிளினிக்கில் ஒருநாள் ரத்தக் கொதிப்பு பார்த்துவிட்டு 'நார்மல்' என்று திரும்புவதைப் போன்றது இது. முந்தாநாள் 9.5இல் இருந்த கேஎச் இன்று 8க்கு இறங்கியிருந்தால் இன்றைய சோதனை அதைக் காட்டாது. டார்ச்சுக்கு அந்த இறக்கம்தான் வலித்திருக்கும்.

இத்தனை வருஷம் தொட்டி வைத்திருந்ததிலும், அடுத்தவர்கள் தொட்டியை எட்டிப் பார்த்ததிலும் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். சிங்கப்பூரில், அதுவும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில், பவளம் வாடுவதற்குக் காரணம் பெரும்பாலும் தொட்டிக்கு வெளியே இருக்கிறது. ஏர்கான், ஜன்னல், கரப்பான் மருந்து, குழாய்த் தண்ணீர், விடுமுறைக்குக் கிளம்பும்போது அணைத்த ஸ்விட்ச். ஆனால் எல்லாரும் தொட்டிக்குள்ளேயே தேடுகிறார்கள். தேடிக்கொண்டிருக்கும்போதே ஏதாவது ஒரு பாட்டிலை வாங்கி ஊற்றிவிட வேண்டும் என்று கை வேறு துறுதுறுக்கிறது.

வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பவளத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும். வெளுத்துப்போன பவளமும் செத்துப்போன பவளமும் தூரத்திலிருந்து ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. பவளத்தின் சதை பெரும்பாலும் கண்ணாடி மாதிரி. நாம் பார்க்கும் பழுப்பும் பச்சையும், சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசியும் பவளமே உண்டாக்கும் நிறமிகளும் சேர்ந்து தருவது. சூடோ அதிக வெளிச்சமோ தாங்காமல் அந்தப் பாசி வெளியேறிவிட்டால், கண்ணாடிச் சதைக்கு அடியில் உள்ள சுண்ணாம்பு எலும்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அதுதான் வெளுப்பு. சதை இன்னும் இருக்கிறது, உயிர் இருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? தொட்டி விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, கைவிளக்கைக் கண்ணாடியின் பக்கவாட்டில் வைத்து, வெளிச்சம் பவளத்தின் மேல் உரசிப் போகிற மாதிரி பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்வான வெளிச்சத்தில், வெளுத்த பவளத்தின் மேல் ஈரப் பளபளப்போடு ஒரு மெல்லிய தோல் தெரியும். குழிகளின் விளிம்பில் நூலை விட மெல்லிய கைகள் எட்டிப் பார்க்கும். வெளிச்சம் பட்டதும் உள்ளே இழுத்துக்கொள்ளும். செத்த இடத்தில் அந்தத் தோல் இருக்காது. எலும்பின் விளிம்புகள் கூர்மையாக, சொரசொரவென்று தெரியும். சில நாட்களில் அங்கே பச்சையாகவோ பழுப்பாகவோ மயிர்ப்பாசி ஏற ஆரம்பிக்கும். உயிருள்ள சதை மேல் பாசி ஏறாது.

1928-29இல் சி. எம். யங் தலைமையில் ஒரு பிரிட்டிஷ் ஆய்வுக்குழு ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டில், லோ தீவுகளில், ஓராண்டுக்கு மேல் தங்கியது. அவர்கள் பவளங்களை வெளிச்சம் புகாத பெட்டியில் அடைத்துப் பார்த்தார்கள். பாசி போய்ப் பவளம் வெளுத்தது. ஆனால் இரை கிடைத்த பவளங்கள் பாசி இல்லாமலும் உயிரோடு இருந்தன. வெளுத்த பவளத்தைக் குப்பையில் போட நினைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, சேதம் எங்கிருந்து ஆரம்பித்தது? அடியிலிருந்து மேலே ஏறுகிறதா, நுனியிலிருந்து கீழே இறங்குகிறதா, விளக்கைப் பார்த்த பக்கம் மட்டுமா, பக்கத்துப் பவளத்தைப் பார்த்த பக்கம் மட்டுமா? என்னைக் கேட்டால் எந்த டெஸ்ட் கிட்டும் இவ்வளவு சொல்லாது. அக்ரோபோரா என்ற கிளைப்பவளத்தின் நுனிகள் மட்டும் கருகினாற்போல் வெளுத்திருந்தால், கேஎச் உயரமாகவும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கிறதா என்று பார்ப்பேன். அடியிலிருந்து மெல்ல மெல்லச் சதை விலகி வந்தால் கேஎச் ஊசலாட்டம், பட்டினி, பூச்சி மூன்றின் மேலும் சந்தேகம். விளக்கைப் பார்த்த மேல்பகுதி மட்டும் வெளுத்து, நிழலில் இருக்கும் அடிப்பகுதி நிறத்தோடு இருந்தால் வெளிச்சம் அதிகம். மாறாக, பவளம் முழுக்கக் கறுத்துப் பழுப்பேறினால் அதற்கு வெளிச்சம் போதவில்லை, அல்லது நீரில் ஊட்டம் கூடிப் பாசி பெருகிவிட்டது. அது சாகிற பவளம் இல்லை. பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு பக்கம் மட்டும் வெந்தது மாதிரி இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரைப் பாருங்கள். கலாக்சியா என்ற பவளம் பகலில் ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கும். இருட்டியதும் ஒரு சாண் நீளத்துக்குக் கொட்டும் கைகளை அவிழ்த்துவிடும். டார்ச்சும் அதன் உறவான ஹேமர் பவளமும் இந்த வேலையைச் செய்யும். பகலில் போதிய இடைவெளி இருப்பதுபோல் தோன்றுவதை நம்பாதீர்கள்; ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து பார்க்க நேர்ந்தால் தெரியும்.

வேகமும் முக்கியம். வாரக்கணக்கில் நடப்பதற்கு நிதானமாகக் காரணம் தேடலாம். காலையில் இருந்த சதை மாலையில் உரிந்து மிதந்தால் தேட நேரமில்லை. நன்றாக இருக்கும் கிளையை வெட்டித் தனியே ஒட்டிவிட வேண்டும், முடிந்தால் இன்னொருவர் தொட்டியில். டார்ச்சிலும் ஹேமரிலும் பழுப்பு நிறக் கூழ் மாதிரி ஒன்று படர்ந்து, தண்ணீரிலிருந்து எடுத்தால் குடலைப் புரட்டும் நாற்றம் அடித்தால், உடனே பம்புகளை நிறுத்துங்கள். அந்தக் கூழைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றுங்கள். ஊதிக் கலைத்தால் அடுத்த தலைக்கும் பரவும். நோய் வந்த தலையை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை அயோடின் கரைசலில் குளிப்பாட்டித் தனித் தொட்டியில் வைப்பதுதான் வழி.

தொட்டியில் ஒரே ஒரு பவளம் மட்டும் வாடினால் காரணம் அந்தப் பவளத்தின் இடத்திலோ, அதன் மேல் இருக்கும் பூச்சியிலோ, அதைக் கடிக்கும் மீனிலோ இருக்கும். எல்லாமே ஒரே நேரத்தில் சுருங்கினால் தண்ணீர். தண்ணீர் என்று சொல்லும்போதே வீட்டுக்குள் வந்துவிட்டோம்.

முதலில் சூடு. நம் ஊரில் ஏர்கான் இல்லாத அறை பகலில் 30, 31 டிகிரிக்குப் போகும். பம்பும் விளக்கும் சேர்ந்து தொட்டி அதற்கும் மேலே. மின்விசிறி வைத்து இரண்டு மூன்று டிகிரி குறைக்கலாம் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். நம் காற்றில் இருக்கும் ஈரப்பதத்தில் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர் ஆவியாவதால்தான் குளிர்ச்சி. காற்றே ஈரமாக இருந்தால் ஆவியாவது குறையும். அதனால் இங்கே ஏறக்குறைய எல்லாரும் வைப்பது, நீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம்தான். சில்லரைத் தொட்டிக்கு அடியில் இருக்கும் மர அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள், வரவேற்பறை அழகு கெடக்கூடாதாம். அது கக்கும் சூட்டை அதுவே உறிஞ்சி, நாள் முழுக்க ஓடியும் இறங்காமல், கரண்டு பில்லை மட்டும் ஏற்றும். சர்வீஸ் யார்டு பக்கம் நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். முடியாவிட்டால் அலமாரியின் பின்பலகையையாவது கழற்றுங்கள். பின்பக்க வலையில் படியும் தூசியை மாதம் ஒருமுறை தட்டினாலே வித்தியாசம் தெரியும்.

எத்தனை டிகிரி வைப்பது என்பதில் எனக்கும் நண்பர்களுக்கும் தீராத சண்டை. நிறையப் பேர் 25. நான் 27. நம் கடலே 27க்கும் 31க்கும் இடையில்தான் இருக்கிறது. அதில் 250க்கும் மேற்பட்ட கல்பவள இனங்கள் வாழ்கின்றன. ஆனால் அதே கடலில் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் கூட்டமாக வெளுத்தன. ஓர் இடத்தின் வழக்கமான கோடை வெப்பத்துக்கு மேல் ஒரே ஒரு டிகிரி கூடி, அது வாரக்கணக்கில் நீடித்தாலே வெளுப்பு ஆரம்பித்துவிடும் என்பதுதான் கடல் ஆய்வாளர்களின் கணக்கு. ஆகப் பவளம் பார்ப்பது, பழகிய அளவிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதை. 25க்குப் பழகிய தொட்டியில் சில்லர் நின்றால் சாயங்காலத்துக்குள் 30. ஐந்து டிகிரி ஏற்றம். 27இல் வைத்தால் அது மூன்று. கரண்டும் மிச்சம்.

சூட்டோடு சேர்ந்து வருவது மூச்சு. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். சில்லர் கெட்டால் உடனே ஐஸ் பாக்கெட்டைத் தேடுவதற்கு முன் அலை எழுப்பும் பம்பான வேவ்மேக்கரை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து மேற்பரப்பைக் கலக்கிவிடுங்கள், விளக்கைக் குறையுங்கள். வெளுப்புக்குச் சூடும் வெளிச்சமும் கூட்டாளிகள். ஒன்றைக் குறைத்தாலே பாதி ஆபத்து போகும்.

ஏர்கான் அறையில் தொட்டி வைப்பவர்களுக்குச் சூட்டுப் பிரச்சினை இல்லை. அவர்களுக்கு வேறொன்று. கதவு ஜன்னல் எல்லாம் அடைத்த அறையில் மூன்று பேர் ராத்திரி முழுக்கத் தூங்கினால் கரியமில வாயு ஏறும். நுரை கிளப்பி நீரின் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர் அந்தக் காற்றைத்தான் இழுத்து நீரில் கலக்கிறது. காலையில் பிஎச் 7.7, 7.8 என்று காட்டும். கடலில் 8.1. பவளம் இதனால் உடனே செத்துவிடாது, ஆனால் எலும்பு கட்டுவது மந்தமாகும், வளர்ச்சி நின்ற மாதிரி இருக்கும். பிஎச் குறைகிறதே என்று 'பிஎச் பஃபர்' பாட்டிலை வாங்கி ஊற்றுவது இந்தப் பொழுதுபோக்கில் நான் பார்த்த மிகப் பொதுவான வீண்செலவு. அது கேஎச்சைத்தான் ஏற்றும், பிஎச் மறுநாள் காலையில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

சோதனை சுலபம். ஒரு குவளை தொட்டி நீரை எடுத்துப் பிஎச் பாருங்கள். அந்தக் குவளையை காரிடாருக்கு எடுத்துப்போய், சின்ன ஏர் பம்பை வைத்து ஒரு மணி நேரம் குமிழி விடுங்கள். திரும்பப் பாருங்கள். பிஎச் ஏறியிருந்தால் குற்றவாளி வீட்டுக் காற்றுதான். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயில் நீளமான ரப்பர் குழாயைச் சேர்த்து ஜன்னலுக்கு வெளியே விட்டால் வேலை முடிந்தது. ஒரே நிபந்தனை: கொசுப் புகை அடிக்கும் நாளில் அந்தக் குழாயை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். டெங்கி சமயத்தில் புளோக்கின் கீழே புகை போடுவதாக லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், அதைப் படிக்கும் பழக்கம் தொட்டிக்காரர்களுக்குக் கட்டாயம் வேண்டும். கொசுவுக்கும் கரப்பானுக்கும் அடிக்கும் பைரெத்ராய்டு மருந்துகள் இறாலுக்கும் நண்டுக்கும் மீனுக்கும் கடும் விஷம். இறால்கள் முதலில் துள்ளித் துள்ளிச் சாகும். அதைப் பார்த்துவிட்டால் பவளத்தைச் சோதித்துக்கொண்டிருக்காமல் வடிகட்டும் கரியையும் புது நீரையும் தயார் செய்யுங்கள்.

ஸ்கிம்மர் எங்கிருந்து மூச்சு வாங்குகிறது என்பது நம் வீடுகளில் தனிக் கேள்வி. சாமி அலமாரிக்கு அடுத்தாற்போல் தொட்டி வைத்திருக்கும் வீடுகளுக்குப் போயிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தினமும் ஊதுபத்தி. கொஞ்சம் தள்ளிச் சமையலறை, தாளிக்கும் எண்ணெய் ஆவி. எண்ணெய்ப் படலம் பட்டதும் ஸ்கிம்மர் நுரை அப்படியே அமுங்கும், சில மணி நேரம் எழும்பாது. ஒரு வீட்டில் அந்த அம்மா, "ஏன் தம்பி, சாமி கும்பிடறதுகூட உங்க மீனுக்கு ஆகாதா?" என்று கேட்டுவிட்டார். ஸ்கிம்மர் குழாயை மட்டும் வேறு பக்கம் நகர்த்திக் கொடுத்துவிட்டு, அவர் கொடுத்த சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இனிக் குழாய்த் தண்ணீர். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரை நேரடியாகக் குடிக்கலாம், அதில் மறுபேச்சில்லை. அதனாலேயே பலர் ஆவியான நீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரையே தொட்டியில் நிரப்புகிறார்கள். ஒரு ராத்திரி வாளியில் திறந்து வைத்தால் போதும் என்று ஊரில் மீன் வளர்த்த பெரியவர்கள் சொல்லிக் கொடுத்ததும் காரணம். குளோரின் என்றால் அப்படிப் போய்விடும். பொதுப் பயனீட்டுக் கழகம் இங்கே கிருமி நீக்கத்துக்குக் குளோரமின் பயன்படுத்துகிறது. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த அது வாளியில் ஒரு ராத்திரி வைப்பதால் போகாது. நீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரத்தில் கரிப் பகுதி அதை உடைக்கும், உடைந்து வரும் அம்மோனியாவைக் கடைசியில் இருக்கும் டிஐ பிசின்தான் பிடிக்கும். கரியையும் பிசினையும் மாற்றாமல் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு 'நான் ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்றுகிறேன்' என்று சொல்பவரிடம், நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். 1, 2 என்று ஏற ஆரம்பித்ததும் பிசினை மாற்ற வேண்டும்.

உப்பு அளவைப் பற்றி ஒரு வரி: ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ நீரில் பூஜ்யம் வைத்துச் சரிபார்த்தால் போதாது, 35க்கான கரைசலை வாங்கிச் சரிபாருங்கள். பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி 35இல் இரண்டு மூன்று தள்ளிக் காட்டுவது சகஜம்.

செங்காங்கில் ஒரு நண்பர். நல்ல உழைப்பாளி, தினமும் கேஎச் எழுதி வைப்பவர், தொட்டியைப் பார்த்தால் பொறாமை வரும். அவருக்கு ஒரு விசித்திரப் பிரச்சினை. வருஷத்தின் நடுவில் தொட்டியின் வலது பக்கத்துப் பவளங்கள் மட்டும் வெளுக்கும். இடது பக்கம் ஒன்றும் ஆகாது. வருஷக் கடைசியில் தானாகத் தேறும். உப்பு பிராண்டை மாற்றினார். விளக்கை மாற்றினார். நீரிலுள்ள உலோகங்களை அளக்கும் ஐசிபி சோதனைக்கு நீர் அனுப்பினார். எல்லா உலோகமும் அளவுக்குள். என்னைக் கூப்பிட்டார். நானும் விளக்கின் வலது முனையில்தான் கோளாறு என்று நினைத்துப் பவளத்துக்கு எட்டும் வெளிச்சத்தை அளக்கும் பார் மீட்டரோடு போனேன். வலமும் இடமும் 150ஐ ஒட்டி, பெரிய வித்தியாசமில்லை.

பதில் சொன்னவர் அவருடைய அம்மா. நாங்கள் மீட்டரை நீருக்குள் விட்டு எடுத்துக்கொண்டிருந்தபோது, துணி மடித்தபடியே, "ஜூன், ஜூலையில மட்டும்தான்பா இந்த ஜன்னல் பக்கம் துணி சீக்கிரம் காயும். தீபாவளி சமயத்துல இங்க வெயிலே எட்டிப் பாக்காது" என்றார். அது வடக்குப் பார்த்த ஜன்னல். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஒரு டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நகர்ந்துவிடும். மிச்ச மாதங்களில் தெற்கே. ஆக, வடக்கு ஜன்னலுக்கு வருஷத்தில் பாதிதான் நேர் வெயில். ஜூனில் பின்னேரம் ஐந்து மணிக்கு மேற்கு-வடமேற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயில், திரைச்சீலை இடுக்கு வழியாகத் தொட்டியின் வலது மூலையில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. நேர் வெயிலின் பார் அளவு உச்சி நேரத்தில் 2000 வரை போகும். சாய்ந்து, கண்ணாடி வழியாக வடிகட்டி வந்தாலும், எல்இடியின் 150க்குப் பழகிய பவளத்துக்கு அது சின்ன விஷயமில்லை. நண்பர் வேலை முடிந்து வீடு திரும்புவது ஏழரைக்கு. அந்த வெயிலை அவர் பார்த்ததே கிடையாது. ஒரு ரோலர் பிளைண்டு மாட்டினார். அடுத்த ஜூனில் வலது மூலை இடது மூலை மாதிரியே இருந்தது.

சுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நம்மாட்கள் பவளத்தைக் கொல்வது அழுக்கினால் என்பதைவிடச் சுத்தத்தினால் அதிகம். நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம் என்று பெருமையாகச் சொல்வார்கள். பவளத்துக்குள் இருக்கும் பாசியும் செடி மாதிரிதான், அதற்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும். பாஸ்பேட் உறிஞ்சும் இரும்புத் துகளைத் தாராளமாகப் போட்டு எல்லாவற்றையும் வழித்தெடுத்தால் பவளம் வெளிறும். காலியான இடத்தில் டைனோஃபிளாஜலேட் என்ற பழுப்புச் சளி வந்து மணலை மூடும், அதை விரட்டுவது பவளம் வளர்ப்பதைவிடக் கஷ்டம். நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் நான் தொடவே மாட்டேன். சந்தேகம் இருப்பவர்கள் ஒருமுறை நம் புலாவ் ஹந்து தீவுக்குப் போய் முங்கிப் பாருங்கள். சில நாட்கள் நீட்டிய கைகூடக் கலங்கலாகத்தான் தெரியும். அந்தக் கலங்கலில்தான் பவளங்கள் கொழுத்து வளர்கின்றன.

கருவிகளைப் பற்றியும் எனக்கு இதே எண்ணம்தான். 1961லேயே ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், கடல்நீரும் உயிர்ப்பாறையும் காற்றுக் குமிழியும் சூரிய வெளிச்சமும் மட்டும் வைத்துப் பவளம் வளர்த்ததை எழுதிக் காட்டியிருக்கிறார். ஸ்கிம்மர் இல்லை, சில்லர் இல்லை. நம்மிடம் இருக்கும் டோசிங் பம்பும் கன்ட்ரோலரும் பயனில்லை என்று சொல்ல வரவில்லை, என்னிடமும் இருக்கின்றன. பவளம் வாடியவுடன் இன்னொரு கருவி வாங்குவது சிகிச்சை ஆகாது.

வீட்டில் எல்லாம் சரி, வெளிச்சமும் சரி, ஆனாலும் அக்ரோபோரா தேறவில்லை என்றால்தான் பூச்சி தேடுவேன். தட்டைப்புழு பவளத்தின் நிறத்திலேயே இருக்கும், நேரில் பார்த்தாலும் தெரியாது. அது கடித்த இடங்கள் வெளிறிய வட்டப் புள்ளிகளாகத் தெரியும், பெரும்பாலும் அடிக்கிளையில், நிழல் பக்கத்தில். பவளத்தை ஒரு வாளி தொட்டி நீரில் வைத்துக் குழாயால் பலமாகப் பீய்ச்சினால் வாளியின் அடியில் மெல்லிய செதில்கள் மாதிரி விழும். கொஞ்ச நேரத்தில் அவை நெளியும். மொன்டிபோரா பவளத்தின் விளிம்புகள் உள்நோக்கிக் கரைந்துகொண்டே போனால், திருப்பிப் போட்டு அடியில் வெள்ளையாக, அரிசி நொய் அளவில் நூடிபிராங்க் என்ற ஓடில்லாக் கடல் நத்தை இருக்கிறதா பாருங்கள். மருந்துக் குளியல் இவற்றைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை சதையில்லாத எலும்பின் மேல்தான் இருக்கும், சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு வாரம் விட்டுத் திரும்பத் திரும்பக் குளிப்பாட்ட வேண்டும். புதிதாக வாங்கும் பவளத்தை அது ஒட்டியிருக்கும் கட்டையோடு அப்படியே தொட்டிக்குள் வைக்காதீர்கள். கட்டையை உடைத்து எறிந்துவிட்டு, புதுக் கட்டையில் ஒட்டி, தனித் தொட்டியில் சில வாரம் வையுங்கள். கடைக்காரர் "குவாரன்டைன் பண்ணியாச்சு பாஸ்" என்று சொல்வார். சொல்லட்டும்.

உலோகத்தைச் சந்தேகித்தால் ஐசிபிக்கு அனுப்புவதற்கு முன் தொட்டியிலுள்ள காந்தங்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கைவிரலால் தடவுங்கள். வேவ்மேக்கர், கண்ணாடி துடைப்பான், பவளத்தட்டு என்று எல்லாவற்றிலும் காந்தம் இருக்கிறது. பிளாஸ்டிக் உறை எங்கேயாவது விரிந்து உள்ளிருந்து துரு கசிந்தால் விரலில் பழுப்பாக ஒட்டும். மேல்மாடியில் கிரில் வெட்டுகிற நாட்களில் தொட்டியை மூடி வைப்பதும் நல்லது.

காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் எல்லாவற்றையும் சரிசெய்யப் போகாதீர்கள். கேஎச் குறைந்திருந்தால் நாளுக்கு ஓர் எண்ணுக்கு மேல் ஏற்றாதீர்கள். பத்துப் பதினைந்து சதவீதம் நீர் மாற்றுங்கள், கரிப் பையைப் புதிதாகப் போடுங்கள். ஒன்றை மாற்றினால் ஒரு வாரமாவது விட்டு அடுத்ததை மாற்றுங்கள். இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்பது தெரியாமலே போய்விடும்.

வெளுத்த பவளத்தை நிழலான இடத்துக்கு நகர்த்தி, பாசி இல்லாத குறைக்குச் சாப்பாடு கொடுங்கள். டார்ச்சுக்கும் மூளைப்பவளத்துக்கும் தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய இறாலே போதும். ஓட்டையும் நரம்பையும் நீக்கி, ஆர்ஓ நீரில் அலசி, பச்சரிசி அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். விளக்கு அணைந்து கைகள் நீண்ட பிறகு பம்பை நிறுத்திவிட்டு, இடுக்கியால் ஒரு துண்டை நடுவாய்க்குப் பக்கத்தில் வையுங்கள். நல்ல நிலையில் இருக்கும் பவளம் ஓரிரு நிமிஷத்தில் பிடித்துக்கொள்ளும். நொந்துபோனதற்கு கால் மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை கிளவுன் மீனும் இறாலும் துண்டைத் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மூடி வைத்தால் காவல் காக்கத் தேவையில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை போதும். நிறம் திரும்ப மாதங்கள் ஆகும், முதலில் வாயைச் சுற்றித்தான் பழுப்பு ஏற ஆரம்பிக்கும்.